மணல் கணக்கு

மூன்று வருசமாய் எங்கள் ஒழுங்கை
ஒரு மணல் கும்பியைச் சுற்றித்தான் வளைகிறது.
ஓட்டோக்காரர் உள்ளே வரமாட்டார்.
காஸ் சிலிண்டரை முடக்கிலிருந்து உருட்டி வருகிறோம்.
போன மாசம் இரத்தினவேலரின் பெட்டியை
அந்த இடத்தில் ஒருக்காச் சரித்துத்தான் தூக்கினார்கள்.
மதிலில் உரசின சத்தம்
அவர் மனுசிக்குக் கேட்கவில்லையாம்.
எனக்குத் தெரியும், கேட்டது.

கந்தர்மடத்தில் ரியூசன் படித்த
அரைவாசிப் பேர் ஏறி இறங்கிய படிகள்.
இரண்டு மாடி, நாற்பது வாங்கு,
ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சாய்ந்த சைக்கிள்கள்.
அதை விடுதியாக்கப் போகிறோம் என்றார்கள்,
பன்னிரண்டு அறை, எல்லாத்துக்கும் ஏசி, ஒரு லிப்ட்.
பலகையில் படமும் போட்டார்கள்:
எங்கள் ஒழுங்கையில் இல்லாத இரண்டு ஈச்சமரம்,
தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரி,
எங்கள் வீடுகள் இருக்கிற பக்கம்
முழுக்கப் புல்.

லிப்டுக்குக் குழி வெட்டின கிழமை
அண்ணனும் தம்பியும் கோவித்துக்கொண்டார்கள்,
ஒருவர் கனடா, ஒருவர் சுவிஸ்.
மேசன் போனைத் தூக்கிப் பிடித்து
இருவருக்கும் சுவரைக் காட்டினான்.
இடி என்றார் ஒருவர்.
கையை வைச்சால் தெரியும் என்றார் மற்றவர்.
அரைவாசி இடித்தபடி நிற்கிறது சுவர்,
அதில் கரும்பலகையின் ஒரு மூலை,
யாரோ ஒரு வாத்தியார் அழிக்காமல் போன கணக்கு
சமன் குறி வரைக்கும் தெரிகிறது,
மிச்சம் கல்லாய்க் கிடக்கிறது கீழே.

மாரிக்குக் குழி நிரம்பும்.
தவளை கத்துவதைப் பொறுக்கலாம்,
நுளம்பு கத்துவதில்லை.
ஜெயசீலியின் மகன் பெரியாஸ்பத்திரியில் பதினொரு நாள்.
பிளேற்லெற் என்ற சொல்லை அவள்
மீன் விலை மாதிரிச் சொல்லப் பழகிவிட்டாள்.
கிழிந்த பச்சை வலை
காற்றடிக்கும் இரவெல்லாம்
ஆரோ ஈரப்பாய் உதறுகிற மாதிரி.

நாங்களும் சும்மா இருக்கவில்லை.
மாநகரசபைக்கு ஏழு கடிதம்.
எழுதினது நான்,
கச்சேரியில் இருபத்தாறு வருசம் கடிதம் எழுதின கை.
“தங்கள் மேலான கவனத்திற்கு” என்று தொடங்கி
ஏழாவதில் “மேலான” என்பதை வெட்டிவிட்டேன்.

வந்தார் போன செவ்வாய்
கோப்பும் ஹெல்மெட்டுமாய் ஓர் அலுவலர்.
குழியை எட்டிப் பார்த்தார், படம் எடுத்தார்,
மணலைச் சப்பாத்தால் ஒருக்காத் தட்டினார்.
“ஐந்து லொறி இறக்கினதெண்டு முறைப்பாட்டில கிடக்கு.
இது ஒண்டரைகூட வராதே?”

முறைப்பாட்டை எழுதினதும் நான்தான்.

நவம் அண்ணர் தன் புது மதிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
வானத்தில் மழை இருக்கா என்று பார்த்தார்.
புஷ்பமலர் அக்காவுக்குக் கோழிகளின் நினைப்பு வந்தது,
ஒரு வெடிப்பில்லாத சீமெந்துத் தரையில்
உலாவுகிற கோழிகள்.
ஜெயசீலி மகனைக் கூப்பிட்டபடி உள்ளே போனாள்,
கிணற்றுக்கட்டு பூசினது போன ஆவணியில்.
நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

என்ர குளியலறை, ஐயா.
பதினேழு வாளி.
இரவு இரண்டு மணிக்கு,
நாய்க்கு மாரி பிஸ்கட் போட்டு.
தொடக்கத்தில் ஒரு வாளிதான், பூச்சட்டிக்கு.

“மழை கழுவிக்கொண்டு போயிருக்கும்” என்றேன்.
“மழை” என்று எழுதிக்கொண்டார்.
என்னுடையதைப் போலவே
வலப்பக்கம் சாயும் கையெழுத்து.

மிச்சத்தை அள்ள அடுத்த கிழமை
உழவு மெசின் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.
“நல்லது, நல்லது” என்றோம்,
இவ்வளவு நாளும் அதைத்தானே கேட்டோம்.

அன்றிரவு ஒழுங்கையில் இரண்டு மூன்று வாளிச் சத்தம்.
ஆர் ஆர் என்று எட்டிப் பார்க்கவில்லை.
பின் வளவில் உடுப்புத் தோய்க்கிற கல்லைச் சுற்றி
இன்னும் ஒரு முழம் பூசக் கிடக்கு.
என் வாளியின் கைபிடி கிறீச்சிடும்,
பழைய சீலைத்துண்டு ஒன்றைச் சுற்றிக் கட்டினேன்.